64 வயதில் ஒரு துணை: பென்ஷன் என்ன ஆகும்?

கேள்வி: எனக்கு 64 வயது. சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். கணவர் அரசுப் பள்ளி ஆசிரியர். தவறி ஏழு வருடம் ஆகிறது. குடும்ப ஓய்வூதியம் மாதம் 19,400 ரூபாய் வருகிறது. போஸ்ட் ஆபீஸ் சீனியர் சிட்டிசன் திட்டத்தில் 10 லட்சம் போட்டு இரண்டரை வருடம் ஆகிறது. கணவர் கட்டிய வீடு இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஒரு மகன், ஒரு மகள். மூக்கனேரிக் கரையில் நடக்கப் போகும்போது ஒருவர் பழக்கமானார். 67 வயது, மனைவி இல்லை, மில்லில் வேலை பார்த்தவர். ஒரு வருடமாகப் பழகுகிறோம். "பாட்டி டேட்டிங் போகுது" என்று பேத்தி கிண்டல் செய்கிறாள்; மகன்தான் சரியாகப் பேசுவதில்லை. ஏற்காட்டில் ஆளுக்குப் பாதி போட்டு சின்ன வீடு வாங்கலாம் என்கிறார் அவர். கல்யாணம் செய்துகொண்டால் பென்ஷன் நிற்குமா? அவரை நாமினியாகப் போடலாமா?

பதில்: நிற்கும். தமிழக அரசின் குடும்ப ஓய்வூதியம் மனைவிக்கு ஆயுள் முழுக்க, அல்லது மறுமணம் வரை. கோயிலில் நாலு பேர் முன்னால் தாலி கட்டிக்கொண்டு, பதிவு செய்யாமல் விட்டால் தெரியாது என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். முறைப்படி நடந்த கல்யாணம் பதிவாகாவிட்டாலும் கல்யாணம்தான். வருடா வருடம் மறுமணம் செய்யவில்லை என்று நீங்கள்தான் கையெழுத்துப் போடுகிறீர்கள்; பின்னால் தெரியவந்தால் வாங்கிய பணத்தைத் திரும்பக் கட்டச் சொல்வார்கள். கல்யாணத்தை மறைப்பது வேறு, கல்யாணம் செய்யாமல் பழகுவது வேறு. இரண்டாவதில் தப்பேதும் இல்லை.

அந்த 19,400 எவ்வளவு பெரியது என்று பாருங்கள். வருடத்துக்கு 2,32,800 ரூபாய். இதை உங்கள் போஸ்ட் ஆபீஸ் திட்டத்தின் 8.2 சதவீத வட்டியில் எடுக்க வேண்டுமென்றால் 28 லட்சத்துக்கு மேல் டெபாசிட் வேண்டும். அந்த வட்டி உயராது. அகவிலைப்படி உயர்ந்தால் உங்கள் பென்ஷன் உயரும். அவருக்கு என்ன வருமானம் என்று நீங்கள் எழுதவே இல்லை. மில்லில் இருந்தவர்களுக்கு வரும் பிஎஃப் பென்ஷன் பெரும்பாலும் சில ஆயிரம்தான். ஒரு வருடம் பழகியவரிடம் இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. உங்கள் பாஸ்புக்கை முதலில் நீங்கள் காட்டுங்கள், அவரும் காட்டுவார். காட்டவில்லை என்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

இப்போது மகன் விஷயம். அவருடைய கோபத்தில் பாதி வீட்டைப் பற்றியது என்று நினைக்கிறேன். (தப்பாக இருந்தால் மன்னிக்கவும், இருபது வருடமாக இதே கோபத்தைத்தான் பார்க்கிறேன்.) கணவர் சுயமாகச் சம்பாதித்துக் கட்டிய வீடு, உயில் எழுதவில்லை, அப்போது அவருடைய அம்மாவும் உயிருடன் இல்லை என்றால், வீடு உங்களுக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. முழு வீடும் உங்களுடையது என்று நீங்கள் நினைத்திருந்தால் அது சரியில்லை. உங்கள் மூன்றில் ஒரு பங்கு மறுமணத்தால் பறிபோகாது. ஆனால் மறுமணத்துக்குப் பிறகு நீங்கள் உயில் இல்லாமல் காலமானால், அந்தப் பங்கு மகன், மகள், புதுக் கணவர் மூவருக்கும் சமமாகப் போகும். அதாவது வீட்டில் ஒன்பதில் ஒரு பங்கு அவருக்கு. மகனின் பயம் இதுதான். அதற்கு மருந்து உயில். வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டாம். பங்கு வாங்காத இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனால் செய்துவிடுங்கள். அப்புறம் மகனிடம் பேசிப் பாருங்கள்.

நாமினியைப் பற்றி ஒரு வார்த்தை. வங்கி டெபாசிட்டில் நாமினி என்பவர் பணத்தை வாங்கி வைத்திருப்பவர், அவ்வளவுதான். வாரிசுகள் கேட்டால் கொடுத்தாக வேண்டும். உங்கள் நண்பருக்கு ஏதாவது சேர வேண்டும் என்று நினைத்தால் உயிலில் தொகையைக் குறிப்பிட்டு எழுதுங்கள். நாமினி பிள்ளைகளாகவே இருக்கட்டும்.

ஏற்காட்டு வீடு. எனக்கும் ஆசைதான், ஆனால் இப்போது வேண்டாம். உங்கள் பாதிக்கு அந்த 10 லட்சத்தைத்தான் உடைக்க வேண்டும். இரண்டு வருடம் தாண்டிவிட்டதால் முன்கூட்டி எடுத்தால் ஒரு சதவீதம், 10,000 ரூபாய் பிடிப்பார்கள். அது போனால் போகட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும் 20,500 ரூபாய் வட்டி நின்றுவிடும், அதுதான் இடிக்கும். பாதிப் பாதி வாங்கிய வீட்டில் அவர் காலமானால் அவர் பிள்ளைகள்தான் உங்கள் பங்காளி. அவர்களை நீங்கள் பார்த்தது உண்டா? இதையெல்லாம் விடுங்கள், முட்டிவலியோடு ஐப்பசி மழையில் அங்கே ஒரு வாரம் இருந்திருக்கிறீர்களா? நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலத்துக்குத்தான் வர வேண்டும்.

அதனால் 11 மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு எடுங்கள். மழையும் மார்கழிக் குளிரும் அதற்குள் வந்துவிடும். வாடகையை ஆளுக்குப் பாதி, அவரவர் கணக்கிலிருந்து நேராக வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். ஒருவர் மூலமாக இன்னொருவர் கொடுப்பது வேண்டாம். ஒப்பந்தத்தில் இரண்டு பேர் பெயரும் இருக்கட்டும். அட்வான்ஸ் ரசீதிலும்.