ஹெலிகாப்டர் ரோட்டர் பாகங்களில் பழைய பெயிண்டை உரிக்க ஹார்டுவேர் கடை ரிமூவர் போதுமா?

ஓசூரில் பெயிண்ட் பட்டறை நடத்துபவரின் கேள்வி இது. பாகம் எதனால் ஆனது என்று உறுதியாகத் தெரியும்வரை டப்பாவைத் திறக்காதீர்கள்.

பிளேடு என்றால் ரிமூவரே கூடாது. இப்போதைய பிளேடுகள் பெரும்பாலும் கண்ணாடியிழை, கார்பன் இழையை எபாக்ஸி என்ற பிசினில் தோய்த்துச் செய்தவை. கடை ரிமூவர் பலவற்றில் இருக்கும் மெத்திலீன் குளோரைடு, பெயிண்டோடு சேர்த்து எபாக்ஸியையும் இளக்கிவிடும். பழைய உலோக பிளேடிலும் தகடுகள் பசையால் ஒட்டியவைதான்; இணைப்பில் கசிந்தால் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே ஒட்டு விட்டுக்கொண்டே போகும். அதனால் அலுமினியம் ஆக்சைடு தாளால் கையாலேயே தேய்த்து, பிரைமர் தெரிந்ததும் நிறுத்த வேண்டும். இழை தெரிந்துவிட்டால் அது பெயிண்ட் வேலை இல்லை, ரிப்பேர் வேலை. பழைய பிரைமரில் குரோமேட் என்ற நச்சு உப்பு இருக்கலாம். ஈரமாகத் தேய்த்து, ரெஸ்பிரேட்டர் போடுங்கள். கழிவைச் சாக்கடையில் விடக்கூடாது.

பிளேடுகளைப் பிடித்திருக்கும் நடுப்பாகமான அலுமினிய ஹப்புக்கு, அந்தப் பாகத்தின் கையேடு சொல்லும் ஸ்ட்ரிப்பர் (பெயிண்ட் உரிக்கும் மருந்து) மட்டுமே. நேரம் முழுக்க மாஸ்கிங்குக்குத்தான் போகும்: பேரிங், புஷ், எலாஸ்டோமெரிக் (ரப்பர் அடுக்கு வைத்த) பேரிங்கின் ரப்பர் எல்லாவற்றையும் அலுமினிய டேப்பால் மூடுங்கள். காகித டேப் தாங்காது. கனமாக, ஒரே திசையில் பூசுங்கள். திரும்பத் திரும்ப இழுத்தால் மேலே படியும் மெழுகுப் படலம் கிழிந்து மருந்து ஆவியாகிவிடும். பெயிண்ட் அப்பளம் போலப் பொங்கியதும் பிளாஸ்டிக் சுரண்டியால் வழித்தெடுக்கலாம். மார்கழிக் குளிரில் பொங்க நேரமாகும். பொறுமையில்லாமல் ஒயர் பிரஷ் போட்டால் இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்து, அங்கிருந்தே அரிக்கத் தொடங்கும்.

உயர்வலு எஃகுப் பாகத்தில் அமிலம் கலந்த ஸ்ட்ரிப்பர் பட்டால் ஹைட்ரஜன் உள்ளே புகும்; பிறகு ஒருநாள் சுமையில் சொல்லாமல் ஒடியும்.

கடைசி அலசலுக்கு நம்மூர் போர் தண்ணீர் வேண்டாம், காய்ந்தால் உப்புத் திட்டு நிற்கும். டிஎம் வாட்டர் (உப்பு நீக்கிய தண்ணீர்) ஊற்றிப் பாருங்கள்: பாகத்தின் மேற்பரப்பு முழுக்க ஒரே படலமாக நின்றால் சுத்தம். விரல் பட்ட இடத்தில் படலம் அறுந்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் மிச்சமிருக்கிறது. அதன் மேல் பெனிட்ரன்ட் சோதனை (விரிசலுக்குள் சாயம் இறக்கிப் பார்ப்பது) செய்தால் விரிசல் தெரியாமல் போகலாம். மணல் அடித்த பாகத்திலும் அதே ஆபத்து, உலோகம் நசுங்கி விரிசலின் வாயை மூடிவிடும்.

பெயிண்டுக்கும் எடை உண்டு. புதிதாக அடித்த பிளேடை மறுபடி பேலன்ஸ் பார்க்காமல் மாட்டக்கூடாது. அதற்குக் கையெழுத்து போட டிஜிசிஏ (விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பு) அங்கீகாரம் பெற்றவர்களால்தான் முடியும், பெயிண்ட் பட்டறையால் முடியாது.