வாசகர் கேள்வி–பதில்: சிப்பி கட்டும் சுவர்

கேள்வி: கிளிஞ்சலைச் சுட்டால் சுண்ணாம்பாகிறது. முத்தும் அதே சரக்குதான் என்கிறார்கள். சுண்ணாம்புக் கல் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினாலே தெறிக்கிறது, முத்துச்சிப்பி ஓடு மட்டும் ஏன் அவ்வளவு எளிதில் உடைவதில்லை?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: சரக்கு ஒன்றுதான், கட்டியிருக்கும் விதம் வேறு. இரண்டுமே கால்சியம் கார்பனேட். ஓட்டின் உள்பக்கம் பளபளக்கிறதே, அந்த முத்துப் படலத்தில் ஏறக்குறைய 95 சதவீதம் அரகோனைட், அதாவது கால்சியம் கார்பனேட்டின் ஒரு படிக வடிவம்; மீதி 5 சதவீதம்தான் புரதமும், நண்டு ஓட்டில் இருக்கும் கைட்டினும். அந்த ஐந்தில்தான் எல்லாமே இருக்கிறது. உடைந்த விளிம்பை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் அச்சு அசலாகச் செங்கல் சுவர்! செங்கல்லாக இருக்கும் ஒவ்வொரு அரகோனைட் வில்லையும் சுமார் அரை மைக்ரோமீட்டர் தடிமன், அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள் இரண்டாயிரம் வரிசை, வரிசைக்கு வரிசை நடுவில் சாந்து பூசினாற்போல மெல்லிய புரதப் படலம். உள்ளே புகுந்த விரிசல் நேராக ஓட வழியில்லை. வில்லைக்கு வில்லை முட்டி, திரும்பி, சாந்தை இழுத்துக்கொண்டு சுற்றிப் போவதற்குள் அதன் வேகம் தீர்ந்துவிடும். ஓட்டைச் சாய்த்தால் பச்சை ரோஜா நிறமாக மாறுகிறதே, அதற்கும் காரணம் சாயம் இல்லை, இந்த அடுக்குகளின் தடிமன் ஒளியின் அலைநீளத்துக்கு அருகில் இருப்பதுதான்.

எனக்கு இதைவிடப் பெரிய வியப்பு ஒன்று உண்டு. அதே ஓட்டின் வெளிப்பக்கம் அரகோனைட் இல்லை, கால்சைட் என்ற கால்சியம் கார்பனேட்டின் இன்னொரு படிக வடிவம். ஒரே பிராணி, ஒரே கடல் தண்ணீர், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு விதமான படிகம்! எது எங்கே வளர வேண்டும் என்று யார் சொல்வது? 1996-இல் இஸ்ரேல் விஞ்ஞானிகள் லியா அடாடி, ஸ்டீவ் வைனர் குழுவினர் இரண்டு அடுக்குகளிலிருந்தும் புரதங்களைத் தனித்தனியே பிரித்து, கைட்டினும் பட்டுப் புரதமும் சேர்த்துப் பார்த்தார்கள். அரகோனைட் அடுக்கின் புரதம் அரகோனைட்டையே வளர்த்தது, கால்சைட் அடுக்கினுடையது கால்சைட்டை வளர்த்தது.

கேள்வி: மணல் துகள் உள்ளே விழுந்தால்தான் முத்து உண்டாகுமா?
– வாசகி, இராமநாதபுரம்

பதில்: மணலுக்கு அவ்வளவு பங்கு கிடையாது. ஓட்டைச் சுரக்கும் மேன்டில் என்ற திசுவின் செல்கள் உடலுக்குள் போய் ஒரு பை போல வளர வேண்டும், முத்து அந்தப் பைக்குள்தான் உருவாகிறது. 1973-இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் முத்து வளர்த்துக் காட்டியதும் இப்படித்தான்: ஓட்டிலிருந்து கடைந்த ஒரு மணி, கூடவே வேறொரு சிப்பியின் மேன்டில் துணுக்கு. அந்தத் துணுக்கு இல்லாமல் வெறும் மணியை வைத்தால் மணி மணியாகவே கிடக்கும்.

கேள்வி: எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிறேன். இதை ஆராய்ச்சியாக எடுத்தால் பயன் உண்டா?
– மாணவி, திருச்சி

பதில்: தாராளமாக எடுங்கள். உடலுக்குள் கனிமம் எப்படி வளர்கிறது என்று பார்க்கும் துறை இது; பல், எலும்பு, சிறுநீரகக் கல் எல்லாமே இதில் அடக்கம். 2016-இல் சீனாவின் ஹெஃபெய் நகரில் கைட்டினிலிருந்து எடுக்கும் கைட்டோசானால் ஆன சட்டகத்துக்குள் கால்சியம் கார்பனேட்டை மெல்ல வளரவிட்டு, இரண்டே வாரத்தில் செயற்கை முத்துப் படலத்தைக் கட்டி முடித்தார்கள். சுண்ணாம்புக் காளவாயின் சூடு எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

வீட்டிலேயே தொடங்கலாம். ஒரு கோழி முட்டையை வினிகரில் போட்டு வையுங்கள். குமிழி விட்டு விட்டு ஓடு கரைந்துபோய், மறுநாளோ அதற்கடுத்த நாளோ மெத்தென்ற தோல் மட்டும் மிஞ்சும். கோழியின் வயிற்றுக்குள் இதற்கு நேர்மாறாக நடக்கிறது: முதலில் அந்தத் தோல், பிறகு அதன்மேல் புள்ளி புள்ளியாகப் புரதக் குமிழ்கள், அந்தப் புள்ளிகளிலிருந்து படிகம் கிளம்பி, சுமார் 20 மணி நேரத்தில் ஐந்தாறு கிராம் ஓடு. அடுத்த முறை அவித்த முட்டையை உரிக்கும்போது ஓட்டின் உள்பக்கத்தை ஒரு நல்ல லென்ஸ் வைத்துப் பாருங்கள், சொரசொரப்பாக இருக்கும். படிகம் தொடங்கிய இடம் அதுதான்.