அமெரிக்காவில் லாபி நிறுவனம் என்றால் என்ன? ஆட்சியாளர்களோடு அவற்றுக்கு ஏன் இவ்வளவு நெருக்கம்?

கட்டணம் வாங்கிக்கொண்டு, வாடிக்கையாளருக்குச் சாதகமாகச் சட்டமோ அரசு முடிவோ அமைய, மக்கள் பிரதிநிதிகளையும் அதிகாரிகளையும் சந்தித்துப் பேசுவதுதான் இந்த நிறுவனங்களின் தொழில். வாஷிங்டனில் 'கே ஸ்ட்ரீட்' என்பது ஒரு தெருவின் பெயர்; ஆனால் அந்தப் பெயரைச் சொன்னாலே இந்தத் தொழிலைத்தான் குறிக்கும்.

நெருக்கம் ஏன்? அவர்கள் விற்கும் சரக்கே அறிமுகம்தான். தாலுகா ஆபீசில் ஓய்வுபெற்ற கிளார்க் மறுமாதமே வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? எந்த ஃபைல் எங்கே தூங்குகிறது, யாரிடம் பேசினால் நகரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அமெரிக்காவிலும் முன்னாள் செனட்டர்களும் (மேலவை உறுப்பினர்கள்) அவர்களுடைய உதவியாளர்களும் இந்த வேலைக்கு வருகிறார்கள். பதவி முடிந்தபின் செனட்டர் 2 ஆண்டும், கீழவை உறுப்பினர் 1 ஆண்டும் காங்கிரஸில், அதாவது அந்நாட்டு நாடாளுமன்றத்தில், லாபி செய்யக் கூடாது. ஆனால் 'ஆலோசகர்' என்ற பெயரில் பின்னாலிருந்து வழிகாட்டலாம். பெரிய ஓட்டையே அதுதான், என்னைக் கேட்டால்.

இது லஞ்சத்துக்கு இன்னொரு பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அரசிடம் முறையிடுவது அங்கே அரசமைப்பின் முதல் திருத்தம் தரும் உரிமை, 1995-ம் ஆண்டுச் சட்டப்படி பதிவுசெய்து கணக்கும் காட்ட வேண்டும், முடிவுக்கு விலையாகப் பணமோ பரிசோ கொடுத்தாலோ, தருவதாகச் சொன்னாலோதான் அது லஞ்சம்.