இன்று யார் முறை?

அன்புள்ள ஐயா,

பெருங்குடியில், தனி அறையும் பொதுச் சமையலறையுமாக ஒரு நிறுவனம் நடத்தும் கோ-லிவிங் குடியிருப்பில் இருக்கிறேன். ஐ.டி. வேலை, சொந்த ஊர் தென்காசிப் பக்கம். 'வீட்டை விட்டு வந்தவர்களுக்கு இன்னொரு குடும்பம்' என்ற விளம்பரத்தைப் பார்த்துத்தான் சேர்ந்தேன். உடற்பயிற்சிக்கூடம், வைஃபை, மாதம் ஒரு கொண்டாட்டம் எல்லாம் உண்டு. ஆனால் பக்கத்து அறைப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது. பொதுச் சமையலறை ஃப்ரிட்ஜில் டப்பாவுக்கு டப்பா அறை எண் எழுதி ஒட்டியிருக்கிறது, என் தோசைமாவு டப்பாவையும் சேர்த்து. போன மாதம் காய்ச்சலில் மூன்று நாள் படுத்துக் கிடந்தேன். ஒருவரும் கதவைத் தட்டவில்லை. 'ஒண்டுக்குடித்தனத்தில் நாங்கள் இப்படியா இருந்தோம்?' என்கிறார் அம்மா. சேர்ந்து வாழ்வது இனிமேல் சாத்தியம்தானா, அல்லது அம்மாவின் தலைமுறையோடு முடிந்துவிட்டதா?

ம., சென்னை

அன்புள்ள ம.,

சாத்தியம்தான். ஆனால் ஒண்டுக்குடித்தனத்தை முன்மாதிரியாக வைத்துக்கொள்ள வேண்டாம். அங்கே ஒரு குழாய், ஒரு கழிப்பறை, நான்கைந்து குடும்பங்கள். நள்ளிரவில் பிரசவ வலி கண்டால் ஓடிவர ஆள் இருந்தது உண்மை. அதே ஆட்கள்தான் வயதுப் பெண் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாள் என்றும் கணக்கு வைத்திருந்தார்கள். அந்த முற்றத்துக்குள் யார் குடிவரலாம் என்பதை வாசலிலேயே சாதி கேட்டு முடிவு செய்தார்கள். அந்தக் கேள்வி இன்றும் 'சைவம் மட்டும்' என்ற பெயரில் வீட்டு விளம்பரங்களில் உயிரோடு இருக்கிறது. ஏக்கத்தில் இதை மறந்துவிட்டுப் பேசுவது நியாயமில்லை.

நான் சொல்ல விரும்புவது டென்மார்க் கதை. 1964இல் யான் குட்மண்ட்-ஹோயர் என்ற கட்டடக் கலைஞர் சில நண்பர்களைக் கூட்டி, சேர்ந்து வாழ ஒரு குடியிருப்பைத் திட்டமிட்டார். நிறையக் குழந்தைகள் வந்து இரைச்சல் போடும் என்று அக்கம்பக்கத்தார் எதிர்த்தார்கள், முயற்சி நின்றுபோனது. 1967இல் போடில் க்ரோ என்ற பெண்மணி, குழந்தைகளுக்கு நூறு பெற்றோர் வேண்டும் என்று ஒரு செய்தித்தாளில் எழுதினார். படித்தவர்கள் கூடினார்கள். 1972இல் கோபன்ஹேகனுக்கு வடக்கே சேட்டடாமன் என்ற இடத்தில் 27 வீடுகள் எழுந்தன. அவற்றைப் பின்பற்றி அந்த நாடெங்கும் இப்படிப்பட்ட குடியிருப்புகள் வந்தன.

அவற்றில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி வாசலும் தனிச் சமையலறையும் உண்டு. நடுவில் பொதுவீடு. கார்களை ஓரமாக நிறுத்திவிட்டு நடந்துதான் உள்ளே வர வேண்டும். வீடுகளின் சமையலறை ஜன்னல்கள் அந்த நடைபாதையைப் பார்த்தே இருக்கும். வாரத்தில் சில மாலைகள் பொதுவீட்டில் சாப்பாடு. அதைச் சமைப்பவர்கள் குடியிருப்பவர்களேதான், முறை வைத்து. இன்று நீங்கள் முப்பது பேருக்குச் சமைத்தால், அடுத்த பல மாலைகளுக்கு வேலை முடிந்து வந்து உட்கார்ந்தால் போதும்.

அந்த முறைதான் எல்லாவற்றையும் செய்கிறது என்பது என் உறுதியான எண்ணம். முப்பது பேருக்கு உலை வைக்கிறவருக்கு யாருக்குக் காரம் ஆகாது, யார் தாமதமாக வருவார், எந்தக் குழந்தைக்கு இருமல் என்பதெல்லாம் தெரிந்தே ஆக வேண்டும். உடன் வெங்காயம் நறுக்குகிறவரோடு ஒரு மணிநேரம் நின்றால் பேச்சு தானாக வரும்.

உங்கள் கட்டடத்தில் இந்த வேலைகளையெல்லாம் நிறுவனம் வாங்கிக்கொண்டது. குப்பையை யாரோ எடுக்கிறார்கள், பாத்திரத்தை யாரோ கழுவுகிறார்கள், குறை என்றால் செயலியில் பதிவு செய்கிறீர்கள். அதற்குத்தான் மாதாமாதம் பணம் கட்டுகிறீர்கள். களைத்து வருகிறவருக்கு அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் அங்கே ஒருவருக்கு இன்னொருவரால் ஆக வேண்டிய காரியம் ஒன்றுமே மிச்சமில்லை. காய்ச்சலில் கிடந்தபோது உங்கள் முறைக்காக ஒருவர் காத்திருந்திருந்தால், முதல் நாள் மாலையே கதவு தட்டப்பட்டிருக்கும். பக்கத்து அறைப் பெண் கல்நெஞ்சக்காரி என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் வராதது அவருக்குத் தெரிய வழியே இல்லை.

எல்லாவற்றையும் பொதுவாக்கிவிடுவதும் சரிப்படாது. இஸ்ரேலில் கிப்புட்ஸ் எனப்படும் கூட்டுவாழ்வுக் கிராமங்கள் பலவற்றில் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, குழந்தைகள் இல்லத்தில் தூங்க வைத்தார்கள். 1990களுக்குள் அந்த வழக்கம் கைவிடப்பட்டது. தாழ் போட்டுக்கொள்ள ஒரு கதவு எல்லோருக்கும் வேண்டும். அது உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது.

ஆகவே ஐந்தாறு பேரோடு தொடங்குங்கள். வாரம் ஓர் இரவு, அதே கிழமை. இருவர் சமைக்கட்டும், இருவர் கழுவட்டும், மற்றவர்கள் சாமான் வாங்கி வரட்டும். முறையைத் தாளில் எழுதி அந்த ஃப்ரிட்ஜ் கதவிலேயே ஒட்டுங்கள். வாட்ஸ்அப் குழு பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் வாரம் உங்கள் தோசைமாவே போதும். முட்டை, மீன் பற்றிய பேச்சை முதல் நாளே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். தனிப் பாத்திரம் வைத்துக்கொள்ளலாம். ஒருவருடைய சாப்பாட்டைக் காரணம் காட்டி அவரைத் தள்ளி வைக்கக் கூடாது. தளத்தைத் துடைக்கும் அம்மாவின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அவரையும் அழையுங்கள். அவரும் நாள் முழுக்க அந்தக் கட்டடத்தில்தான் இருக்கிறார்.

கோ-லிவிங்கில் ஆட்கள் ஆறு மாதத்தில் மாறிவிடுவார்கள். அதனால் போகிறவர், தன் அறைக்குப் புதிதாக வருகிறவரிடம் முறையை ஒப்படைத்துவிட்டுப் போகட்டும். பாத்திரத்தைப் போட்டுவிட்டுப் போகிறவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். அதை நிர்வாகத்திடம் புகாராகக் கொண்டுபோகாதீர்கள். அடுத்த சாப்பாட்டின்போது அவரிடமே சொல்லுங்கள். அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.