கதவத் திறந்தா அங்கயும் ஒரு ரூம்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல 'கியூப்' படத்தப் பத்தி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், சீப்பு சீடை பக்குவம் போட்டப்போ கூட இவ்ளோ கடுதாசி வரல. பாதிப் பேர் திட்டிருக்கீங்க, மீதிப் பேர் ராத்திரி தூக்கம் போச்சுன்னு எழுதிருக்கீங்க, ரெண்டையும் சந்தோஷமா வாங்கிக்கிறேன்.

பாக்காதவங்களுக்காக சுருக்கமா சொல்லிடுறேன். 1997ல வந்த கனடா படம், வின்சென்சோ நடாலி டைரக்‌ஷன். முன்னப்பின்ன தெரியாத சில பேர் கண்ணு முழிச்சுப் பாத்தா ஒரு சதுர ரூமுக்குள்ள கெடக்குறாங்க. நாலு செவுரு, தரை, கூரைன்னு ஆறு பக்கமும் நட்டநடுவுல ஒரு கதவு. எதத் திறந்தாலும் அச்சு அசலா அதே மாதிரி இன்னொரு ரூம், அதுல சிலதுல கால வச்சா ஆளு காலி. கீழ கதைய முழுசா உடைச்சுதான் பேசப்போறேன், இனிமே பாக்கலாம்னு இருக்கவங்க சமையல் பக்கத்துக்குப் போயிடுங்க.

படம் பூரா வெறும் ரூம் ரூமாவே காட்டுறான், செவுத்துக் கலர மாத்தி மாத்தி நம்மள ஏமாத்துறான். கையில காசு இல்லாம எடுத்ததுன்னு பத்தாவது நிமிஷமே தெரிஞ்சுபோச்சு. இதப் போய் நல்ல படம்னு எழுதலாமா?
- காரைக்குடி செக்காலை வாசகர்

அண்ணே, கண்டுபிடிச்சுட்டீங்க, ஆனா முழுசா கண்டுபிடிக்கல. ரூம் ரூமா இல்ல, இருந்ததே ஒரே ஒரு ரூம்தான். 14 அடிக்கு 14 அடி செட்டு, அதுக்குப் பக்கத்துல இங்கேருந்து அங்க எட்டிப் பாக்குற ஷாட்டுக்காக அரைகுறையா இன்னொண்ணு. மொத்தப் படத்துக்கும் செலவு 3,50,000 கனடா டாலர். செவுத்துப் பலகைக்குப் பின்னாடி கலர் ஷீட்ட மாத்தி மாத்திச் சொருகி, இது செவப்பு ரூம் இது பச்ச ரூம்னு எடுத்துருக்காங்க. அப்படி மாத்துறதுக்கே நேரம் தின்னதால, ஒரு கலர்ல வர்ற சீன் அத்தனையும் மொத்தமா எடுத்து முடிச்சிட்டுதான் அடுத்த கலருக்குப் போனாங்க. ஆறு கலர் வைக்கணும்னு நெனச்சு காசு பத்தாம அஞ்சோட நிறுத்திக்கிட்டாங்க. கதவுலயும் ஒண்ணே ஒண்ணுதான் ஆளு தொங்கினா தாங்குற உறுதியில இருந்துச்சு, மத்ததெல்லாம் ஒப்புக்கு. கிராபிக்ஸ் பண்ண கம்பெனி கனடா சினிமா வளரட்டும்னு கூலி வாங்காம செஞ்சு குடுத்துச்சு.

இப்ப சொல்லுங்க, இது ஏமாத்தா? பெரிய பட்ஜெட் படத்துல ஊரையே கொளுத்திக் காட்டுறான், நாம பாப்கார்ன் தின்னுக்கிட்டே பாக்குறோம். இங்க ஒருத்தன் ஒரு கைப்பிடியத் திருகுறான், நாம மூச்ச நிறுத்திடுறோம். காசு இல்லாததாலதான் அவங்களுக்குக் கதவு மேல கவனம் வந்துச்சுன்னு நான் நெனைக்கிறேன். அந்த டைரக்டர் அதுக்கு முன்னாடி ஸ்டோரிபோர்டு வரைஞ்சு பொழைச்சவர், எந்த ஷாட் வேணும் எது வேணாம்னு பேப்பர்லயே கழிச்சுக் கட்டத் தெரிஞ்ச ஆளு.

எனக்கு வயசு 81. எங்க அப்பச்சி ரங்கூன் வட்டிக்கடையில பெட்டியடிப் பையனா சேந்து, மேலாளுக்கு அடுத்த இடமான அடுத்தாள் வரைக்கும் வந்தவுக. பேரன் போட்டுக் காட்டினான்னு இந்தப் படத்தப் பாத்தேன். அதுல கணக்குப் படிக்கிற பொண்ணு, மூணு இலக்க நம்பருக்குக் காரணி பிரிக்க மனுஷனால ஆகாதுன்னு தலையில கை வைக்குது. இது என்ன கூத்து?
- தேவகோட்டை வாசகர்

ஐயா, வந்த கடுதாசியிலயே இதுதான் முதல் தரம், ரெண்டு தடவை படிச்சுச் சிரிச்சேன். படம் பாக்காதவங்களுக்கு ஒரு வார்த்த சொல்லிடுறேன்: ரூமுக்கு ரூம் போற அந்தச் சின்னப் பொந்துல மூணு நம்பர் பொறிச்சிருக்கும், ஒவ்வொண்ணும் மூணு இலக்கம். முதல்ல பகா எண் இருந்தா ஆபத்துன்னு அந்தப் பொண்ணு கண்டுபிடிக்குது, அது ஒரு இடத்துல பொய்யாகி ஒருத்தன் மயிரிழையில தப்பிக்கிறான். அப்புறம்தான் தெரியுது, பகா எண்ணோ இல்ல ஒரே பகா எண்ணை அதாலேயே திருப்பித் திருப்பிப் பெருக்கி வர்ற எண்ணோ இருந்தா ஆபத்துன்னு, அதாவது 27, 49, 125 மாதிரி. அந்த இடத்துலதான் இதையெல்லாம் மனசுல போட யாராலயும் முடியாதுன்னு அழுவுது, உடனே ஆட்டிசம் இருக்குற ஒருத்தர் பட்டு பட்டுனு பதில் சொல்றார்.

ஐயா சொல்றது நியாயந்தான். மூணு இலக்க எண்ணுக்கு 31 வரைக்கும் இருக்குற பகா எண்ணால வகுத்துப் பாத்தா போதும், ஏன்னா அடுத்தது 37, 37ஐ 37ஆல பெருக்கினா 1369, நாலு இலக்கத்துக்குப் போயிடுது. ஆக மொத்தம் 11 எண். 567னு ஒண்ணு வந்தா அஞ்சும் ஆறும் ஏழும் கூட்டினா 18, அப்போ ஒன்பதால போகும், 63, அது ஒன்பதேழு, முடிஞ்சுது கதை: மூணும் ஏழும்னு ரெண்டு பகா எண் வந்துடுச்சு, இந்த நம்பரால பயமில்ல, இதே மாதிரி மத்த ரெண்டையும் பாத்துட்டு உள்ள போகலாம். முந்திரி 320ல ஒரு பங்குன்னு கீழ்வாய் இலக்கத்துல, அதான் பழைய பின்னக் கணக்குல, வட்டி போட்டுப் பழகின வீட்டுக்காரவுகளுக்கு இது ஒரு வெத்தல மடிக்கிற நேரம்.

ஆனா ஐயா, ஒரே ஒரு வக்காலத்து வாங்கிக்கிறேன். ரெண்டு நாளா தண்ணி இல்ல, தூக்கம் இல்ல, கணக்கு தப்பினா உசுரு போயிடும். கல்லாவுல உக்காந்து போடுற கணக்கும் கழுத்துல கத்தி இருக்கப்போ போடுற கணக்கும் ஒண்ணா?

எங்க ஆயாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, எழுத்தும் ஓடி ஓடி மறையுது, சும்மா பக்கத்துல உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டே பாத்தாக. அரை மணி நேரம் பாத்துட்டு, "இந்தப் புள்ளைக ஏன் இப்படி எலி மாதிரி ஓடுதுக, ஒரு எடத்துல சிவனேன்னு உக்காந்திருந்தா என்னவாம்?" அப்படின்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டாக. நாங்க சிரிச்சிட்டோம். கடைசி சீன் பாத்தப்புறம் எங்களுக்குச் சிரிப்பு வரல.
- பள்ளத்தூர் வாசகி

தாயீ, உங்க ஆயாவ அடுத்த மாசத்துலேர்ந்து இந்தப் பகுதிய எழுதச் சொல்லுங்க, நான் ரிட்டயர் ஆகிக்கிறேன். 26க்கு 26க்கு 26, மொத்தம் 17,576 ரூம்னு அந்தக் கணக்குப் பொண்ணு சொல்லுது, அத்தனையும் சும்மா இருக்காம உள்ளுக்குள்ளயே நகந்துக்கிட்டே இருக்கு, அதுல ஒரு ரூம் மட்டும் ஒரு நேரத்துல வெளிய போற வாசலோட வந்து ஒட்டிக்கும். கடைசியில கண்டுபிடிக்கிறாங்க பாருங்க, அது அவங்க கண்ணு முழிச்ச அதே ரூம்! எங்கயும் போகாம உக்காந்திருந்தா தானா வாசலுக்குப் போய்ச் சேந்திருக்கும்.

நான் இந்தப் படத்த மூணு தடவை பாத்தவன், ரெண்டாந்தடவைதான் இது எனக்கு உறைச்சுது. ஆயாவுக்கு வெங்காயம் உரிச்சுக்கிட்டே தெரிஞ்சிருக்கு. எத்தன கட்டு இருக்குற வீட்டுல எத்தன வருஷம் ஆளுக்காகக் காத்துக்கிட்டு உக்காந்திருந்தாகளோ, மலேயாவுலேருந்து கப்பல் எப்ப வரும் ஆளு எப்ப வருவாகன்னு உக்காந்தே பழகின தலைமுறை. சும்மா இருக்குறது எவ்ளோ கஷ்டம்னு அவுகளுக்குத் தெரியும், அந்தப் படத்துல இருக்குறவங்களுக்குத் தெரியல.

பிள்ளைகளோட உக்காந்து பாக்கலாமா?
- புதுவயல் வாசகர்

வேணாம். முதல் சீன்லயே கம்பி வலை ஒண்ணு ஒருத்தர வெண்டைக்கா மாதிரி நறுக்கிடும்.

எல்லாம் சரி, அந்தப் பெட்டிய யாரு கட்டினா, எதுக்குக் கட்டினா, கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே? இன்டர்வெல்லுக்கு அப்புறம் வில்லன் வருவான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.
- கோட்டையூர் வாசகர்

வரமாட்டான், அதுதான் பயமே. உள்ள மாட்டினவங்கள்ல ஒருத்தர் அந்தப் பெட்டியோட வெளி ஓட்டை மட்டும் டிசைன் பண்ணவர். யாருக்காகன்னு அவருக்கே தெரியாது, போன்ல வேல வந்துச்சு செஞ்சு குடுத்தேன்ங்கிறார். மேல உக்காந்து ஆட்டி வைக்கிறவன்னு எவனும் கெடையாது, அவனவன் தன் துண்டு வேலைய மட்டும் பாத்தான், கட்டினாச்சு, கட்டினத சும்மா போட முடியாதுன்னு ஆளப் போட்டாச்சு, அம்புட்டுத்தான்னு அவர் பேசுற அந்த சீனுக்காகவே படத்தத் திருப்பிப் பாக்கலாம்.

நம்ம ஊருக்காரங்களுக்கு இது புரியாம இருக்க நியாயமில்லயே அண்ணே. எங்க வீட்ட எடுத்துக்குங்க, ரெண்டாங்கட்டுல ஓடு ஒழுகி நாலு மழைக்காலம் ஆச்சு. பங்குக்காரவுக 23 புள்ளி, அதாவது 23 குடும்பம், பாதி சென்னை, மீதி சிங்கப்பூர், ரெண்டு புள்ளி எங்க இருக்காகன்னே தெரியல. யாரக் கேட்டாலும் எனக்குச் சம்மதம்தான்பா, மத்தவுகளக் கேளுங்கிறாக. ஒருத்தரும் கெட்டவுக இல்ல. ஓடு மட்டும் ஒழுகுது. கையெழுத்து வாங்கி ஒரு ஆபீசுக்குக் கொண்டு போனா இந்த டேபிள் இல்ல அந்த டேபிள்னு ஒம்போது தடவை அனுப்பினாங்க, ஒம்போதாவது டேபிள்ல உக்காந்திருந்தவர் முதல் டேபிளக் கை காட்டுறார். கியூப் பாக்குறப்ப எனக்கு அந்த வராண்டாதான் ஞாபகம் வந்துச்சு.

படத்துல வர்ற பேரெல்லாம் ஒரு தினுசா இருக்கே, ஏதும் அர்த்தம் உண்டா?
- கானாடுகாத்தான் வாசகி

உண்டு ஆச்சி, எல்லாம் ஜெயில் பேரு. போலீஸ்காரர் குவென்டின், அமெரிக்காவுல சான் குவென்டின் ஜெயில். டாக்டரம்மா ஹாலோவே, லண்டன்ல இருந்த பொம்பளைங்க ஜெயில். கணக்குப் பொண்ணு லீவன், டிசைன் பண்ணவர் வொர்த், ரெண்டையும் சேத்துச் சொல்லிப் பாருங்க, லீவன்வொர்த். பேரு வைக்கக் காசா பணமா, அந்த இடத்துல மட்டும் தாராளமா இருந்துருக்காங்க.

தமிழ்ல இந்த மாதிரி வேத்துக்கிரகம், விஞ்ஞானம்னு அந்தக் காலத்துல யாராச்சும் எடுத்துருக்காங்களா?
- திருப்பத்தூர் வாசகர்

1963லயே 'கலை அரசி' வந்தாச்சு. எம்.ஜி.ஆர், பானுமதி. வேத்துக்கிரகத்துக்காரன் தன்னோட ஊர்ல பாட்டு சொல்லிக்குடுக்க ஆளில்லன்னு பூமியிலேருந்து பானுமதியத் தூக்கிட்டுப் போயிடுவான். பயமெல்லாம் கெடையாது, ஆனா பாட்டு வாத்தியாருக்காகக் கிரகம் விட்டுக் கிரகம் வர்ற வில்லன் நம்மகிட்ட மட்டும்தான் இருப்பான்.

நான் இன்ஜினியரிங் மூணாவது வருஷம். எங்க பாட்டன் வீட்டுலயே ஒரு சயின்ஸ் ஃபிக்‌ஷன் பேய்க் குறும்படம் எடுக்கப் போறோம், நாங்க அஞ்சு பேரு, கையில 40,000 ரூபா. கேமரா ஃபிரெண்டோடது. இந்தக் காசுக்கு ஏதாச்சும் தேறுமா சார்? வீட்டுல சினிமாவான்னு கிண்டல் பண்றாங்க.
- கண்டனூர் மாணவர்

தம்பி, கிண்டல் பண்றவுககிட்ட சொல்லு, ஏவி.எம். மெய்யப்ப செட்டியார் 1947ல வந்த 'நாம் இருவர்' படத்த எடுத்தது கோடம்பாக்கத்துல இல்ல, இந்தா இருக்கு பாரு தேவகோட்டை ரஸ்தா, அங்க ஸ்டூடியோ போட்டுத்தான். உனக்குக் கூப்பிடு தூரம்.

காசு தேறும். 2013ல 'கோஹரன்ஸ்'னு ஒரு படம், டைரக்டர் சொந்த வீட்டுலயே அஞ்சு ராத்திரியில எடுத்தார். வால் நட்சத்திரம் போற ராத்திரி எட்டுப் பேர் விருந்துக்குக் கூடுறாங்க, கரன்ட் போகுது, தெருவுல ஒரு வீட்டுல மட்டும் லைட் எரியுது, போய்ப் பாத்தா உள்ள உக்காந்திருக்குறதும் அவங்களேதான். நடிகர்களுக்கு முழு வசனம் குடுக்கல, அன்னன்னைக்கு அவங்கவங்களுக்கு மட்டும் ஒரு துண்டுச் சீட்டு, அடுத்தவன் என்ன சொல்லப்போறான்னு தெரியாம நெசமாவே முழிச்சிருக்காங்க. உங்க அஞ்சு பேருக்கு இது நல்லா ஒத்துவரும். ரத்தத்துக்குச் செலவு பண்ணாத. 1968ல ஜார்ஜ் ரொமேரோ கருப்பு வெள்ளையில எடுத்த ஜாம்பி படத்துல ரத்தம்னு காட்டினது சாக்லேட் சிரப்பு. அந்தப் படத்துக்கு ரிலீசுக்கு முன்னாடி பேர மாத்தினப்ப டைட்டில்ல இருந்த காப்பிரைட் அறிவிப்பு விட்டுப்போச்சு, படமே ஊருக்குப் பொதுவாயிடுச்சு, அதனால டைட்டில் கார்ட ரெண்டு பேர் உக்காந்து சரி பாருங்க.

இப்ப வீட்டு விஷயம், இதத்தான் நல்லாக் கேட்டுக்க. சத்தத்துக்குக் காசு ஒதுக்கு, கேமராவுக்கு அப்புறம் பாத்துக்கலாம். பட்டாலைக் கூடத்துல நின்னு இருமிப் பாரு, சுண்ணாம்புச் செவுரும் ஆத்தங்குடிக் கல்லுத் தரையும் சேந்து அந்த இருமல நாலு தடவை திருப்பிக் குடுக்கும், வசனம் ஒரு எழவும் புரியாது. கல்யாணத்துக்கு விரிக்கிற ஜமுக்காளத்த எல்லாம் எறக்கி கேமராவுக்குப் பின்னாடி தொங்கவிடு. ஆனா பேய் வர்ற சீன்ல மட்டும் அத்தனையும் எடுத்துடு, வெறுங்கால் சத்தம் ஒண்ணு போதும். தரை பளபளன்னு இருக்குறதால லைட்டு ஸ்டாண்டோட அப்படியே தெரியும், அதையும் பாத்துக்க. நிலைக்கதவு தாழ்ப்பாள் சத்தத்த விடிகாலை மூணு மணிக்குத் தனியா ரெக்கார்டு பண்ணு, புறா எந்திரிக்கிறதுக்கு முன்னாடி. வீட்டு நடுவுல இருக்குற வளவுல புறா முனக ஆரம்பிச்சா ஒரு டேக்கும் ஓகே ஆகாது.

கதையத் தேடி வேத்துக்கிரகம் போகாத. உங்க வீட்டையே பாரு, ரெண்டு பக்கமும் வரிசையா ஒரே மாதிரி கதவு, ஒவ்வொண்ணும் ஒரு புள்ளிக்கு, முக்காவாசி பூட்டிக் கெடக்குது. எண்ணிப் பாத்தா நேத்து ராத்திரிய விட இன்னைக்கு ஒரு கதவு கூட இருக்கு. இங்கேருந்து ஆரம்பி.

அப்புறம் ஒண்ணு, செவுத்துல டேப் ஒட்டாத, உரிக்கிறப்ப மேப்பூச்சு கூடவே வந்துடும், உத்திரத்துல ஆணி கீணி அடிச்ச உங்க அப்பத்தா உன்ன அங்கயே தொங்க விட்டுருவாக. சாவிக்கொத்து வாங்குறப்ப எத்தன சாவின்னு எண்ணி வாங்கிக்க, திருப்பிக் குடுக்குறப்பவும் எண்ணிக் குடு. ஒண்ணு கூட இருந்தா மட்டும் எனக்கு எழுது.