நடுத்தகடு ஏன் ஒட்டுவதில்லை?
வாசகர் கேள்வி – பதில்: மோட்டார் கோர்

கேள்வி: சூட்டில் ஒட்டும் வார்னிஷ் பூசிய 0.5 மி.மீ. ஸ்டாம்பிங்கை (டையில் வெட்டிய எஃகுத் தகட்டை) அடுக்கி ஸ்டேட்டர் கோர் (மோட்டாரின் சுழலாத இரும்புப் பகுதி) செய்கிறோம். வெளி விட்டம் 150, உள் விட்டம் 80, உயரம் 80 மி.மீ. மேலும் கீழும் ஹீட்டர் பிளேட் வைத்து, நான்கு போல்ட்டால் இறுக்கி, 200 டிகிரியில் 30 நிமிடம் விடுகிறோம். இரு முனையிலும் தகடுகள் கெட்டியாக ஒட்டுகின்றன. நடுவில் தட்டினால் புத்தகம் போல விரிகிறது. பூச்சில் கோளாறா?
– துவாக்குடி வாசகர்

பதில்: பூச்சைச் சந்தேகப்படும் முன் சூட்டைப் பாருங்கள். நீங்கள் சொல்லும் 200 டிகிரி ஹீட்டர் பிளேட்டின் சூடு. கோரின் நடுத்தகடு எத்தனை டிகிரிக்கு வந்தது என்பதுதான் கேள்வி. தகட்டின் வழியே சூடு நன்றாகப் பரவும். ஆனால் ஒரு தகட்டிலிருந்து அடுத்த தகட்டுக்குத் தாண்ட ஒவ்வொரு முறையும் வார்னிஷ் படலத்தைக் கடக்க வேண்டும். உங்கள் அடுக்கில் சுமார் 155 தகடு, அதாவது 154 படலம். அதனால் மேலிருந்து கீழாகச் சூடு இறங்குவது பல மடங்கு மந்தம். முனைத்தகடு வெந்து முடியும் நேரத்தில் நடுத்தகடு இன்னும் சூடேறிக்கொண்டிருக்கும்.

ஒரு கோரைச் சோதனைக்கென்று ஒதுக்குங்கள். பாதி உயரத்தில், ஸ்லாட் (காயில் உட்காரும் பள்ளம்) வழியாக மெல்லிய தெர்மோகப்பிள் (சூட்டை அளக்கும் ஒயர்) நுனியைத் தகட்டின் பல்லோடு, அதாவது இரு ஸ்லாட்டுக்கு நடுவில் நிற்கும் இரும்போடு, ஒட்ட வையுங்கள். பூச்சுத் தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் சூட்டை அந்த நுனி காட்டிய பிறகுதான் நேரத்தை எண்ணத் தொடங்க வேண்டும். ஹீட்டர் பிளேட்டின் சூட்டை ஏற்றி நேரத்தை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். முனைத்தகட்டின் பூச்சு கருகும். கோரின் துளைக்குள் நுழையும் மேன்ட்ரல் என்ற உருளைக்கும் வெளியே ஒரு வளையத்துக்கும் ஹீட்டர் கொடுத்தால் சூடு தகட்டின் வழியாகவே நடுவுக்குப் போய்விடும். செலவுக்கேற்ற பலன் அதில்தான் இருக்கிறது.

அடுத்த சந்தேகம் அந்த நான்கு போல்ட். வார்னிஷ் இளகும்போது ஒவ்வொரு இணைப்பும் 2 முதல் 4 மைக்ரான் அமுங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 154 இணைப்புக்கு அது 0.3 முதல் 0.6 மி.மீ. ஆகிறது. குளிர்ந்த நிலையில் முறுக்கிய போல்ட் அந்த அரை மில்லிமீட்டரில் தளர்ந்துவிடும். பூச்சு ஒட்ட வேண்டிய வேளையில் அழுத்தமே இருக்காது. போல்ட்டுக்குக் கீழே டிஸ்க் ஸ்பிரிங் (தட்டு வடிவ ஸ்பிரிங்) அடுக்குங்கள், அல்லது ஹைட்ராலிக் பிரஸ்ஸிலேயே வைத்துச் சுட வையுங்கள். எவ்வளவு அழுத்தம்? உங்கள் ஸ்டாம்பிங்கில் ஸ்லாட் போக இரும்புப் பரப்பு சுமார் 80 ச.செ.மீ. என்றால், சதுர மில்லிமீட்டருக்கு 2 நியூட்டன் கணக்கில் ஏறக்குறைய 1.6 டன். பூச்சுக்குப் பூச்சு இது மாறும். கூடிப்போனால் வார்னிஷ் பிதுங்கி ஸ்லாட்டுக்குள் வழியும். காயில் போடும்போது இன்சுலேஷன் பேப்பர் அதில் மாட்டிக் கிழியும்.

அழுத்தத்தை எடுக்கும் நேரமும் முக்கியம். சூடாக இருக்கும்போதே தளர்த்தினால் தகடுகள் தம் வளைவுக்குத் திரும்பப் பார்க்கும், இளகிய ஒட்டு பிரியும். நடு தெர்மோகப்பிள் 70 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை விடுங்கள்.

மேன்ட்ரல் அலுமினியமா? அப்படியானால் எஃகுக்கு மாற்றுங்கள். 80 மி.மீ. விட்டத்தில் 170 டிகிரி ஏற்றத்துக்கு அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ 0.15 மி.மீ. கூடுதலாக விரியும். பற்களைத் தள்ளும், பிறகு கழற்றவும் வராது. கழற்ற எளிதாக இருக்கட்டும் என்று சிலிக்கான் ஸ்பிரே அடிப்பதும் வேண்டாம். அது தகட்டில் பட்ட இடத்தில் ஒட்டு பிடிக்காது. பஞ்சிங் எண்ணெயும் அப்படித்தான். தானாக ஆவியாகும் எண்ணெய் வாங்குங்கள். சாதாரண எண்ணெய் என்றால் அடுக்கும் முன் கழுவி உலர்த்தியே ஆக வேண்டும்.

இத்தனையும் சரியாக இருந்தும் ஒட்டவில்லை என்றால் அப்போது பூச்சைப் பார்க்கலாம். இந்த வார்னிஷ் பாதி வெந்த நிலையில் வருவது. சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் கிடந்தால் மீதியும் தானாக முற்றிவிடும். அசிட்டோன் நனைத்த துணியால் தேயுங்கள். பூச்சு கரைந்து துணியில் வந்தால் உயிர் இருக்கிறது. அசையாவிட்டால் தகட்டுச் சுருளில் மேல் சில சுற்றை மட்டும் கழித்துவிட்டு உள்ளே சோதியுங்கள், முழுச் சுருளையும் எறிந்துவிட வேண்டாம். ஐப்பசி மழையில் பாலித்தீன் உறையைப் பிரித்துப் போடுவதும் தவறு. ஈரம் பட்ட தகட்டில் ஒட்டு பலவீனமாகும்.

இன்னொன்று, தகட்டை எண்ணி அடுக்காதீர்கள், எடை போட்டு அடுக்குங்கள். உங்கள் கோர் 4.75 கிலோ அளவில் வர வேண்டும். சுருளின் நடுவும் ஓரமும் ஒரே தடிமனாக இருக்காது. எண்ணிக்கை சரியாக இருந்து கோர் ஒரு பக்கம் உயர்ந்து நிற்பது அதனால்தான். அடுக்கைப் பகுதி பகுதியாகச் சுழற்றி வைத்தால் அந்த ஏற்றத்தாழ்வு சமனாகும். வெட்டுப்பிசிறு எல்லாத் தகட்டிலும் ஒரே பக்கம் பார்த்திருக்கட்டும். பூச்சு ஒரு பக்கத்துக்குச் சில மைக்ரான்தான். 50 மைக்ரான் பிசிறு அதைத் துளைத்து அடுத்த தகட்டைத் தொட்டுவிடும். அந்த நிலைக்கு முன்பே டையைச் சாணை பிடியுங்கள்.

கேள்வி: வெல்டிங், கிளீட் (தகடுகளைக் கவ்விப் பிடிக்கும் பட்டை) எல்லாம் இருக்க ஒட்டுவதற்கு ஏன் மெனக்கெட வேண்டும்?
– கும்பகோணம் வாசகர்

பதில்: பில்டர் பாயிண்ட்டில் (ஆழமில்லாத குழாய்க் கிணற்றில்) ஓடும் 5 எச்.பி. மோட்டாருக்கு வேண்டியதில்லை. 50 ஹெர்ட்ஸில் 0.5 மி.மீ. தகட்டுக்குக் கிளீட்டே போதும், மலிவும்கூட. அதிவேக மோட்டார், மின் வண்டி மோட்டார் ஆகியவற்றில் கதை வேறு. சுழல் மின்னோட்ட இழப்பு, அதாவது தகட்டுக்குள்ளேயே சுழன்றோடும் மின்னோட்டம் சூடாக வீணாக்குவது, தடிமனின் வர்க்கத்தோடும் அதிர்வெண்ணின் வர்க்கத்தோடும் ஏறும். தகட்டை 0.5-லிருந்து 0.35 மி.மீ. ஆக்கினாலே அந்த இழப்பு பாதியாகும். அவ்வளவு மெல்லிய தகட்டில் வெல்டிங் வரி போட்டால் அந்த வரியே தகடுகளை ஒன்றோடொன்று இணைத்து மின்னோட்டத்துக்கு வழி விட்டு, மெல்லிய தகடு வாங்கியதன் பலனில் ஒரு பங்கைத் தின்றுவிடும். ஒட்டிய கோரில் அது இல்லை, இரைச்சலும் குறைவு.

கேள்வி: காயில் எரிந்து வந்த மோட்டாரில் வெல்டிங்கும் இல்லை, கிளீட்டும் இல்லை. பழைய காயிலைக் கொளுத்தி எடுக்கலாமா?
– மன்னார்குடி வாசகர்

பதில்: கூடவே கூடாது. வெல்டிங் வரி, கிளீட், தகட்டில் அமுக்கிய புள்ளி எதுவும் தெரியாவிட்டால் ஒட்டிய கோர் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கோருக்கே ஓவன் 370 டிகிரியைத் தாண்டக் கூடாது. ஒட்டிய கோரில் தகடுகளைப் பிடித்திருக்கும் எப்பாக்ஸி ஒட்டு அதற்கு வெகு முன்பே சிதையும். தகடுகள் தளர்ந்து, பல் நுனிகள் விரிந்து, ஓடும்போது ரீங்காரமிடும்.

ஒரு பக்கம் கோருக்கு வெளியே நீட்டி நிற்கும் காயில் தலைப்பை வெட்டி எடுங்கள். காயிலின் வார்னிஷ் இளகும் அளவுக்கு மட்டும் சூடேற்றி மறுபக்கம் சீராக இழுங்கள். பெரும்பாலும் 150 டிகிரியை ஒட்டிய சூடே போதும். இழுக்கும் பக்கம் முனைத்தகடு கிளம்பாமல் ஸ்லாட் வடிவில் வெட்டிய பிளேட் ஒன்றை அணை கொடுங்கள்.

காயிலை எடுக்கும் முன்பும் எடுத்த பின்பும் கோரைச் சோதியுங்கள். கோரின் உள்ளும் வெளியுமாக 20 சுற்று ஒயர் சுற்றி, வேரியாக் (வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும் கருவி) மூலம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் கொடுங்கள், தனியாக ஒரு சுற்று ஒயரை வோல்ட் மீட்டரில் மாட்டுங்கள். உயரம் 80, ஸ்லாட்டுக்குப் பின்னால் இரும்பு 18 மி.மீ. என்றால், ஒரு சுற்றில் 0.40 வோல்ட் காட்டும்போது கோரில் காந்தப்புலம் 1.3 டெஸ்லா இருக்கிறது என்று பொருள். அங்கே வாட் மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் எடுக்கும் அளவு 20 சதவீதத்துக்கு மேல் கூடினால் கோர் கெட்டிருக்கிறது. அப்படியே அரை மணி ஓடவிட்டு, கரண்ட்டை நிறுத்திவிட்டுத் தடவிப் பாருங்கள். ஓரிடம் மட்டும் சுட்டால் அங்கே தகடுகள் ஷார்ட். வேரியாக்கை நேரடியாக மாட்டாதீர்கள். அது மெயினிலிருந்து பிரிக்காது. இடையில் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் கட்டாயம். பம்ப்செட் மின்சாரம் இலவசம் என்பதால் கோர் இழப்பை விவசாயி பில்லில் பார்க்க மாட்டார். புதுக் காயில் அதே சூட்டில் மறுபடி எரியும்போதுதான் பார்ப்பார், அதுவும் குறுவைக்குத் தண்ணீர் வேண்டிய நேரத்தில்.

கேள்வி: உப்புக்காற்றில் கோரின் உட்புறம் துருப்பிடிக்கிறது. கிரைண்டர் போடலாமா?
– நாகப்பட்டினம் வாசகர்

பதில்: வேண்டாம். கிரைண்டர் ஒரு தகட்டின் விளிம்பை அடுத்ததன் மேல் இழுத்துப் பூசி ஷார்ட் ஆக்கும். வெட்டிய விளிம்பில் பூச்சு கிடையாது, துரு அங்கேதான் தொடங்கும். மேல் துருவை நைலான் பிரஷ்ஷால் எடுத்து, உலர்த்தி, மெல்லிய இன்சுலேட்டிங் வார்னிஷ் ஒரு கோட் கொடுங்கள். உள்ளே சுழலும் ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் இடைவெளி ஒரு பக்கத்துக்கு அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கலாம். காய்ந்ததும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்த பிறகே மூடுங்கள்.