வளாகப் போலீஸ் இடுப்பில் துப்பாக்கி வேண்டுமா? கேட்டவர்களுக்குப் பதில்கள்

அமெரிக்கக் கல்லூரி வளாகப் போலீஸ் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறைய வந்தன, ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்திருக்கிறேன். நான் போலீஸ் அல்ல. ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் மாணவர் நலப் பிரிவில் 17 வருடம் வேலை பார்த்தேன், அதில் 5 வருடம் வளாகப் பாதுகாப்புக் குழுவிலும் இருந்தேன். அந்த அனுபவத்தை வைத்தும் படித்துத் தெரிந்துகொண்டதை வைத்தும் சொல்கிறேன்.

அக்கா, பையன் ஆகஸ்டில் கிளம்புகிறான். காலேஜுக்குள்ளேயே போலீஸ் துப்பாக்கியோடு சுற்றுமாமே? நம்ம ஊர் வாட்ச்மேன் மாதிரி இல்லையா? (ஈரோட்டிலிருந்து ஓர் அம்மா)

வாட்ச்மேன் இல்லைம்மா. பெரும்பாலும் முறையாகப் பயிற்சி பெற்று, உறுதிமொழி எடுத்த, கைது செய்யும் அதிகாரமுள்ள போலீஸ். சம்பளம் கொடுப்பது மட்டும் பல்கலைக்கழகம். 1894இல் யேல் பல்கலைக்கழகம் நியூ ஹேவன் நகரப் போலீஸ்காரர் இருவரைத் தன் வளாகத்துக்கென்று வாங்கிக்கொண்டது, ஆரம்பம் அதுதான். இன்று அது சாதாரணமாகிவிட்டது. 2,500 மாணவருக்கு மேல் படிக்கும் நான்கு வருடக் கல்லூரிகளை அமெரிக்க நீதித் துறை கணக்கெடுத்தபோது, 2011-12 கல்வியாண்டில் 75 சதவீதத்தில் ஆயுதம் வைத்திருக்கும் அலுவலர்கள் இருந்தார்கள். 2004-05இல் அது 68 சதவீதம்.

தனியார் கல்லூரிகளில் வெறும் செக்யூரிட்டி மட்டும் இருப்பதும் உண்டு. பையன் சேரும் இடத்தில் எது என்று அந்தத் துறையின் இணையதளத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

படிக்கிற இடத்தில் இது எப்படி வந்தது? (வரலாற்று ஆசிரியர், தஞ்சாவூர்)

பெரிய திருப்பம் 1966 ஆகஸ்ட் 1. ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தின் உச்சியில் நின்று ஒருவன் கீழே போவோர் வருவோரைச் சுட்டான். 96 நிமிடம் நீடித்தது. வளாகத்துக்கென்று முழு அதிகாரமுள்ள போலீஸ் படை அப்போது கிடையாது. நகரப் போலீஸ்காரர்கள் ரமிரோ மார்ட்டினெஸ், ஹூஸ்டன் மெக்காய் இருவரும் மேலே ஏறிப்போய் அவனைச் சுட்டார்கள். அடுத்த வருடமே டெக்சாஸ் சட்டமன்றம் பல்கலைக்கழகங்கள் சொந்தப் போலீஸ் வைத்துக்கொள்ளச் சட்டம் போட்டது.

இன்னொரு காரணத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. 1970 மே 4, ஓஹையோவில் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகம். போராடிய மாணவர்கள் மேல் நேஷனல் கார்டு என்ற மாநில ராணுவப் படையினர் 13 நொடியில் 67 குண்டு சுட்டு 4 பேரைக் கொன்றார்கள். வெளியிலிருந்து வருகிற படைக்கு மாணவர் யாரென்று தெரியாது, பிள்ளைகளை முகம் பார்த்துத் தெரிந்த நம் ஆட்களே இருக்கட்டும் என்ற எண்ணம் அதற்குப் பிறகு வலுத்தது. வளாகப் போலீஸ் வேண்டும் என்பதற்கு நான் கேட்ட காரணங்களில் நல்ல காரணம் இதுதான். சுடுவதற்காக அல்ல, சுடாமல் இருப்பதற்காக.

வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத் துப்பாக்கிச் சூட்டில் இறந்த லோகநாதன் சார் எங்கள் ஊர்க்காரர். அன்று வளாகப் போலீஸிடம் துப்பாக்கி இருந்ததா, இல்லையா? (கோபிசெட்டிபாளையம்)

இருந்தது ஐயா. அதனால்தான் இந்தக் கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கோபிசெட்டிபாளையம் பக்கத்துப் பிள்ளை, கோவை பிஎஸ்ஜியில் படித்தவர், எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து அங்கே பாடம் நடத்தியவர் பேராசிரியர் ஜி.வி.லோகநாதன். 2007 ஏப்ரல் 16 காலை நோரிஸ் ஹால் 206ஆம் அறையில் நீரியல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் மட்டும் அவரும் அவருடைய மாணவர்கள் 9 பேரும் இறந்தார்கள். வளாகம் முழுக்க ஒரே ஆள் சுட்டுக் கொன்றது 32 பேரை.

நேரத்தைக் கவனியுங்கள். விடுதி ஒன்றில் முதல் இருவர் சுடப்பட்டது காலை 7:15க்கு. அது தனிப்பட்ட விவகாரம் என்று போலீஸ் நினைத்தது. எல்லோருக்கும் எச்சரிக்கை மின்னஞ்சல் போனது 9:26க்கு. நோரிஸ் ஹாலில் சுடத் தொடங்கியது 9:40 வாக்கில். அழைப்பு வந்த 3 நிமிடத்துக்குள் போலீஸ் வாசலில் நின்றது, கையில் துப்பாக்கியோடு. ஆனால் முக்கிய வாசல்கள் மூன்றையும் கொலையாளி உள்ளேயிருந்து சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தான். வேறொரு கதவின் பூட்டை ஷாட்கன்னால் உடைத்துக்கொண்டு நுழைய இன்னும் 5 நிமிடம் போனது. அவர்கள் மேலே ஏறும்போது கடைசிக் குண்டுச் சத்தம் கேட்டது. அவன் தன்னையே சுட்டுக்கொண்டான்.

ஆக, அன்று இல்லாமல் போனது துப்பாக்கி அல்ல. இரண்டு மணி நேரம் எச்சரிக்கை போகவில்லை. வகுப்பறைக் கதவை உள்ளேயிருந்து பூட்ட வழியில்லை. 204ஆம் அறையில் பேராசிரியர் லிவியு லிப்ரெஸ்கு தன் உடம்பால் கதவை அடைத்து நின்றதால்தான் மாணவர்கள் ஜன்னல் வழியே குதிக்க முடிந்தது. சிகிச்சை எடுக்க வேண்டும் என்று 2005 டிசம்பரில் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்த அந்தக் கொலையாளிக்குக் கடையில் தடையில்லாமல் துப்பாக்கி விற்றார்கள், ஏனென்றால் அந்த உத்தரவு விற்பனைக்கு முன் சரிபார்க்கும் பட்டியலுக்குப் போகவே இல்லை. அந்த ஓட்டையை அடைக்க 2008இல் சட்டம் வந்தது. லோகநாதன் சாருக்கு அது எட்டவில்லை.

அப்படியானால் போலீஸ் துப்பாக்கியால் பிரயோஜனமே இல்லை என்கிறீர்களா? (பொறியாளர், டாலஸ்)

இல்லை, அப்படிச் சொல்ல மாட்டேன். 2016 நவம்பர் 28, ஓஹையோ ஸ்டேட். ஒருவன் காரைக் கூட்டத்துக்குள் விட்டு இடித்து, இறங்கிக் கத்தியால் வெட்ட ஆரம்பித்தான். எரிவாயுக் கசிவு என்ற புகாருக்காகப் பக்கத்தில் வந்திருந்த வளாகப் போலீஸ்காரர் ஒரு நிமிடம் போல ஆவதற்குள் அவனைச் சுட்டு வீழ்த்தினார். பத்துப் பேருக்கு மேல் காயம். அவனைத் தவிர யாரும் சாகவில்லை. 2023 டிசம்பர் 6, லாஸ் வேகஸில் நெவாடா பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்கள் மூவரைக் கொன்றவனை நிறுத்தியதும் வளாகப் போலீஸ்தான்.

யாரிடமும் துப்பாக்கியே கூடாது என்று சொல்பவர்களிடம் நான் இந்த இரண்டையும்தான் சொல்வேன். இவ்வளவு துப்பாக்கி புழங்கும் நாட்டில் வெறுங்கையோடு ஓர் ஆளை உள்ளே அனுப்ப எனக்கு மனசு வராது.

பிறகு ஏன் மாணவர்கள் இவ்வளவு எதிர்க்கிறார்கள்? (முதுகலை மாணவி, பாஸ்டன்)

துப்பாக்கிக்காரன் வருகிற நாள் ஒரு வளாகத்துக்கு வராமலே போகலாம். ஆனால் இடுப்பில் துப்பாக்கி வருடத்தின் 365 நாளும் இருக்கிறது. சத்தமாகப் பாட்டு வைத்தவனிடம் போகும்போதும் இருக்கிறது, நம்பர் பிளேட் இல்லாத காரை நிறுத்தும்போதும் இருக்கிறது.

நம்பர் பிளேட் என்று சும்மா சொல்லவில்லை. 2015 ஜூலை 19, சின்சினாட்டி பல்கலைக்கழகப் போலீஸ்காரர் ஒருவர் வளாகத்துக்கு வெளியே ஒரு காரை நிறுத்தினார், முன்பக்க நம்பர் பிளேட் இல்லை என்று. சில நிமிடத்தில் ஓட்டி வந்த சாமுவேல் டுபோஸ் தலையில் குண்டு பாய்ந்து இறந்துகிடந்தார். அவர் கறுப்பினத்தவர். இரண்டு முறை விசாரணை நடந்தும் ஜூரி ஒரு முடிவுக்கு வரவில்லை. 2017இல் வழக்கைக் கைவிட்டார்கள். பல்கலைக்கழகம் 48.5 லட்சம் டாலர் கொடுத்தது, அவருடைய 12 பிள்ளைகளுக்கும் இலவசப் பட்டப்படிப்பு கொடுப்பதாக ஒப்புக்கொண்டது.

ஓரிகன் மாநிலத்தில் போர்ட்லண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கதை இன்னும் வேதனை. மாணவர்களும் ஆசிரியர்களும் வேண்டாம் என்று போராடியும், 2014 டிசம்பரில் நிர்வாகக் குழு ஆயுதப் போலீஸுக்கு ஓட்டுப் போட்டது. 2018 ஜூன் 29 இரவு, வளாகத்தை ஒட்டிய மதுக்கடை வாசலில் சண்டை. ஜேசன் வாஷிங்டன் தபால் துறையில் வேலை பார்த்தவர், கடற்படையில் இருந்தவர். நண்பரின் துப்பாக்கியைத் தன்னிடம் வாங்கி வைத்துக்கொண்டு சண்டையை விலக்கிக்கொண்டிருந்தார். தள்ளுமுள்ளில் அது கீழே விழுந்தது. குனிந்து எடுத்தார். வளாகப் போலீஸ் இருவர் சுட்டார்கள். மேல் நடவடிக்கை எதுவும் அவர்கள் மேல் வரவில்லை. விலக்கிவிடப் போனவர் செத்தார். வேண்டாம் என்று கூட்டம் கூட்டமாக வந்து சொன்னவர்கள் பயந்தது அப்படியே நடந்தது. அதை இன்றைக்கும் என்னால் அமைதியாகப் பேச முடியவில்லை.

முட்டிக்குக் கீழே சுட்டால் போதாதா? (மதுரை)

நம் ஊரில் எல்லோரும் கேட்பது. அங்கே அப்படிப் பயிற்சியே கிடையாது. ஓடும் காலைக் குறிபார்த்தால் குண்டு தவறிப் பின்னால் நிற்பவர் மேல் படும் என்பது அவர்கள் வாதம், அதில் நியாயம் இருக்கிறது. எடுத்தால் நெஞ்சுப் பகுதிக்குத்தான். அந்த நொடியில், அந்த இடத்தில், நியாயமான ஒரு போலீஸ்காரர் அப்படிச் செய்திருப்பாரா என்பதுதான் 1989இல் கிரஹாம் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல். அதனால் பெரும்பாலும் வழக்கு நிற்காது. எடுத்தால் சாவுதான் என்பதால்தான் எந்த அழைப்புக்கு அதைக் கொண்டுபோவது என்பது இவ்வளவு முக்கியம்.

மனசு சரியில்லாத பிள்ளை இருக்கும் அறைக்கும் இவர்கள்தான் போவார்களா? (மனநல செவிலியர், டொராண்டோ)

பல இடங்களில் இவர்கள்தான். எனக்கு உறக்கம் கெடுக்கும் விஷயம் இது.

2017 செப்டம்பர் 16 இரவு, ஜார்ஜியா டெக். ஸ்கௌட் ஷுல்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் தானே 911 என்ற அவசர எண்ணைக் கூப்பிட்டு, சந்தேகப்படும்படி ஒருவர் திரிகிறார் என்று தன்னையே அடையாளம் சொன்னார். கையில் இருந்தது பல வேலைக்குமான ஒரு சிறு கருவி. கத்தி விரிக்கப்படவே இல்லை. சாக வேண்டும் என்று முடிவெடுத்திருந்தார். கடிதம் எழுதி வைத்திருந்தார். வந்த வளாகப் போலீஸிடம், மின்னதிர்ச்சி கொடுத்து ஆளை வீழ்த்தும் டேசர் கிடையாது. பிஸ்டல் இருந்தது. என்னைச் சுடு என்று நடந்துவந்தவரைச் சுட்டார்கள்.

நான் கண்ணால் பார்த்ததையும் சொல்கிறேன். ஒரு பிப்ரவரி இரவு, விடுதி மூன்றாம் மாடி. இரண்டு நாளாகச் சாப்பிடாமல், கதவைத் திறக்காமல் ஒரு பெண். அறைத்தோழி கூப்பிட்டிருந்தாள். நானும் சீருடையில் ஒரு போலீஸ்காரரும் போனோம். கதவு திறந்ததும் நான்தான் பேசினேன். அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கட்டில் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, அவர் இடுப்புப் பட்டையையே பார்த்தாள். அவர் கை அதன்மேல் சும்மா இருந்தது, பழக்கத்தில். 'நான் என்ன தப்பு செய்தேன்?' என்று கேட்டாள். அவர் நல்ல மனிதர். புரிந்துகொண்டு சத்தமில்லாமல் வராந்தாவுக்குப் போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தார். பத்து நிமிடம் கழித்துத்தான் அவள் தண்ணீர் கேட்டாள்.

அடுத்த குழுக் கூட்டத்தில், இந்த அழைப்புகளுக்கு முதலில் கவுன்சலர் போகட்டும், போலீஸ் கீழே நிற்கட்டும் என்று கேட்டேன். இரவுப் பணிக்குக் கவுன்சலர் வைக்கப் பணமில்லை என்றார்கள். அந்த வருடமே ரோந்துக்குப் புதுக் கார்கள் வந்தன.

வேறு வழி முயன்ற இடங்கள் உண்டா? (சிங்கப்பூர்)

உண்டு. பிரின்ஸ்டனில் ரோந்துப் போலீஸ் இடுப்பில் துப்பாக்கி கிடையாது. சுடுகிறவன் வந்துவிட்டால் மட்டும் எடுக்க ரைஃபிள் வைத்துக்கொள்ளலாம் என்று 2015இல் முடிவு செய்தார்கள். போர்ட்லண்ட் ஸ்டேட் 2021 செப்டம்பரில் துப்பாக்கியைக் காவல் அறையில் வைத்துவிட்டு ரோந்து போனது. 2023இல் மறுபடி எடுத்துக்கொண்டது. தெருவில் துப்பாக்கி பெருகினால் வளாகத்துக்குள் மட்டும் தனி விதி நிற்பது கடினம், அதை ஒப்புக்கொள்கிறேன்.

இருந்தாலும் என் கருத்து மாறவில்லை. ஒவ்வொரு ஷிஃப்டிலும் நன்றாகப் பயிற்சி பெற்ற சிலரிடம் துப்பாக்கி இருக்கட்டும். சத்தம், பார்க்கிங், குடிபோதை, மனநலம் என்று வரும் அழைப்புகளுக்கு அவர்கள் முதலில் போக வேண்டாம். டேசரும் பாடி கேமராவும் இல்லாமல் யாருக்கும் பிஸ்டல் கொடுக்கக் கூடாது.

துப்பாக்கி போலீஸுக்கே ஆபத்தாகாதா? (சென்னை)

ஆகலாம். 2013 ஏப்ரல் 18இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் போலீஸ்காரர் ஷான் காலியரைக் காரில் வைத்துக் கொன்ற, பாஸ்டன் மாரத்தானில் குண்டு வைத்த சகோதரர்கள் அவர் துப்பாக்கியைப் பறிக்கப் பார்த்தார்கள். உறையின் பூட்டு திறக்கத் தெரியாததால் முடியவில்லை.

வளாகப் போலீஸ் என் காரை நிறுத்தினால் என்ன செய்வது? (புதிய மாணவர், அரிசோனா)

தம்பி, முதலில், காரை விட்டு இறங்காதீர்கள். நம் ஊரில் இறங்கிப்போய் 'சார்' என்பது மரியாதை. அங்கே அது மிரட்டல் மாதிரி தெரியும். ஓரம் கட்டுங்கள், இன்ஜினை நிறுத்துங்கள், இரவானால் உள்விளக்கைப் போடுங்கள், இரண்டு கையும் ஸ்டியரிங் மேல். லைசன்ஸ் பாக்கெட்டில் இருந்தால், 'எடுக்கட்டுமா?' என்று கேட்டுவிட்டு மெதுவாக எடுங்கள். வாக்குவாதம் எதுவானாலும் மறுநாள் எழுத்தில்.

கடைசியாக, பெற்றோர் பல்கலைக்கழகத்திடம் என்ன கேட்கலாம்? (ஈரோட்டு அம்மாவே மறுபடி)

துப்பாக்கி உண்டா என்பதை மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். வகுப்பறைக் கதவு உள்ளேயிருந்து பூட்டுமா? எச்சரிக்கைச் செய்தி பையன் போனுக்கு வர எதில் பதிவு செய்ய வேண்டும்? இரவு இரண்டு மணிக்கு ஒரு பிள்ளை அழுதால் யார் வருவார்கள்? கிளெரி சட்டப்படி ஒவ்வொரு வருடமும் அக்டோபர் 1க்குள் குற்றக் கணக்கை வெளியிட வேண்டும், அதையும் கேளுங்கள்.

பையன் போனில் 911ஓடு, 988 என்ற மனநல நெருக்கடி எண்ணையும் வளாகக் கவுன்சலிங் மையத்தின் இரவு எண்ணையும் ஏற்றிக் கொடுங்கள். அவன் வேண்டாம் என்பான். அறைத்தோழனுக்காக என்று சொல்லுங்கள், ஏற்றிக்கொள்வான்.